ஷிட்ஸுவா, ஸ்பிட்ஸா? முடியைப் பார்த்து முடிவெடுங்கள்

வீட்டோடு வளர்க்கச் சின்ன நாய் என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். (பொமரேனியன் என்று இங்கே கைமாறுவது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான்.) இரண்டும் ஏறக்குறைய 5 முதல் 7 கிலோ. தீனிச் செலவிலும் பெரிய வித்தியாசமில்லை. என் ஓட்டு ஸ்பிட்ஸுக்கு.

ஷிட்ஸு சீன அரண்மனையில் செல்லமாக இருந்த இனம். 1930-ல் பிரௌன்ரிக் என்ற ஆங்கிலேயத் தம்பதி பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்பிட்ஸின் மூதாதை ஜெர்மானிய நாய்தான். ஆனால் ஆங்கிலேயர் காலம் தொட்டு இங்கேயே பெருகி நம் வெயிலுக்குப் பழகிவிட்டது.

முடிதான் பிரச்சினை. ஷிட்ஸுவின் முடி நம் தலைமுடிபோல வளர்ந்துகொண்டே இருக்கும். தினமும் சீவ வேண்டும், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். காதுக்குப் பின்னாலும் அக்குளிலும்தான் முதலில் சிக்கு விழும். அதைப் பிரிக்காமல் குளிப்பாட்டினால் கட்டியாக இறுகிவிடும். அடியில் ஈரம் தங்கித் தோல் புண்ணாகும். கொஞ்சம் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) தூவி, விரலால் பிரித்து, நுனியிலிருந்து அடிநோக்கிச் சீவுங்கள். மாந்தோப்புப் பக்கம் ஒரு நடை போய் வந்தால் போதும், நாயுருவியும் ஒட்டுப்புல்லும் பாதம்வரை அப்பிக்கொள்ளும். உண்ணி ஒளிந்திருந்தாலும் கண்ணில் படாது. உண்ணிக் காய்ச்சல் வந்தால் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்துவிடும். இதற்குப் பயந்து மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து தடவுகிறவர்கள் உண்டு. அது நாயைக் கொன்றே விடலாம். மருந்து, நாயின் எடைக்கேற்ப மருத்துவர் எழுதித் தருவதாக இருக்கட்டும்.

ஸ்பிட்ஸுக்கு வாரம் இரண்டு மூன்று முறை சீவினால் போதும். முடி கொட்டும், வீடெல்லாம் வெள்ளையாகும், அது உண்மை. அதற்காகவோ வெயிலுக்காகவோ மொட்டையடிக்காதீர்கள். இரண்டடுக்கு முடிதான் அதன் தோலுக்கு நிழல், சில நாய்களுக்குத் திரும்பச் சரியாக முளைக்காது. குரைப்பு அதிகம், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருந்தால் யோசியுங்கள். தயிர்சாதமும் பிஸ்கட்டுமாகக் கொடுத்தால் குண்டாகும், முழங்கால் சில்லு நழுவும் தொல்லை இருந்தால் அதுவும் கூடும்.

இதெல்லாம் சமவெளி வெயிலுக்குச் சொன்னது. ஓசூர்க் குளிரில், முடிவெட்ட ஆள் கிடைக்கும் இடத்தில், ஷிட்ஸுவுக்கு இவ்வளவு சிரமம் இராது. அப்படி வாங்குவதானால் முதலில் மூக்குத் துளை நன்றாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சும்மா படுத்திருக்கும்போதே குட்டிக்கு மூச்சு கொர்ரென்றால் அதை எடுக்க வேண்டாம். தட்டை மூக்கு, பங்குனி சித்திரையில் மூச்சிரைப்பு இன்னும் கூடும்.