சுவரை இடிப்பதா, பின்பக்கம் நீட்டுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) 20 அடி அகல வரிசை வீட்டைப் புதுப்பிக்கும் எல்லோருக்கும் வரும் குழப்பம் இது.

செலவு: ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே உள்ள சுவரை எடுப்பது மலிவு. சமையலறையைப் பின்பக்கம் நீட்டினால் அஸ்திவாரம், கூரை, சாக்கடைக் குழாய் எல்லாம் சேரும்.

வெளிச்சம்: வரிசை வீட்டுக்கு ஜன்னல் முன்னும் பின்னும்தான். சுவர் போனால் காற்று நேராக ஓடும். நீட்டினாலோ நடு அறையில் பகலிலும் விளக்கு எரியும். சின்னதாய் ஒரு நான்கடித் திறந்த முற்றம் விட்டால் தப்பிக்கலாம். பலர் அந்த நான்கடியைக்கூட விடுவதில்லை!

வாசனை: சுவர் இல்லாவிட்டால் நெத்திலி சம்பல் நெடி சோபா வரை, சாமி மேடை வரை வரும்.

நீடித்து உழைப்பது: நீட்டிய புதுப்பகுதி பழைய சுவரோடு சேரும் இடத்தில்தான் விரிசலும் மழை ஒழுகலும். இடிப்பதில் ஆபத்து வேறு: அது பாரம் தாங்கும் சுவரா என்று பொறியாளர் பார்க்க வேண்டும், கட்டுமானக் குத்தகைக்காரர் தட்டிப் பார்த்துச் சொன்னால் போதாது.

அனுமதி: எதைச் செய்தாலும் முதலில் நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள்.

இரண்டு மூன்று பேர், லேசான சமையல் என்றால் சுவரை எடுங்கள். தினமும் பொரியல், தாளிப்பு, தீபாவளிக்கு முறுக்கு என்றால் பின்பக்கம்தான் சரி.