டார்கெட் தெறிச்சா ஆக்ஸிலரேட்டரை எது காப்பாத்தும்? வால்வா, ஃபாயிலா, சுத்துற சக்கரமா?

அமெரிக்காவுல லாஸ் அலமாஸ்ல டார்ட்-னு ஒரு மெஷின் இருக்கு, வெடிச்சிட்டிருக்கிற பொருளோட உள்பக்கத்த எக்ஸ்ரே எடுக்க கட்டினது. ஆக்ஸிலரேட்டர் எலக்ட்ரான் கற்றையை, அதாவது பீமை, வேகமாக்கி டார்கெட்-ங்கிற உலோகத் துண்டுல மோத விடும், அங்கதான் எக்ஸ்ரே கிளம்பும். அதுல ரெண்டு ஆக்ஸிலரேட்டர், ஒவ்வொண்ணையும் ஆக்ஸிஸ்னு சொல்வாங்க. முதல் ஆக்ஸிஸ்ல சுமார் 2000 ஆம்பியர், 20 எம்இவி (2 கோடி வோல்ட்ல முடுக்கின எலக்ட்ரானோட எனர்ஜி), 60 நானோசெகண்ட் பல்ஸ். பெருக்கிப் பாருங்க, 2400 ஜூல் வரும். கேக்குறதுக்கு பெருசா தெரியாது, ஆனா அவ்வளவும் ஓரிரு மில்லிமீட்டர் புள்ளி வழியா போகுது, அதுல ஒரு பங்கு டார்கெட்ல தங்கினாலே 3000 டிகிரிக்கு மேல உருகுற டான்டலம்கூட ஆவியாகி சிதறிடும். அது பீம் வந்த காத்தில்லாத குழாய் வழியாவே திரும்பி வந்து இன்சுலேட்டர்ல படலமா படிஞ்சிடுச்சுன்னா அடுத்தடுத்த ஷாட்ல அங்கயே ஸ்பார்க் அடிக்கும், அந்த செல்லை (ஆக்ஸிலரேட்டரோட ஒரு பகுதி) கழட்டி சுத்தம் பண்றது சாதாரண வேலை இல்ல.

எல்லாருக்கும் முதல்ல தோணுறது குழாயை டக்குனு மூடுற ஃபாஸ்ட் வால்வ். அது மூட 10 மில்லிசெகண்ட் ஆகுதுன்னு வைங்க, விநாடிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல வர்ற ஆவி அதுக்குள்ள 50 மீட்டர் ஓடியிருக்கும். எங்கயாவது ஓட்டை விழுந்து காத்து உள்ள வந்தா தடுக்க வால்வ் கண்டிப்பா வேணும், ஆனா இந்த வேலைக்கு லேட்.

மெல்லிசா ஃபாயில் வச்சு மறைக்கலாம், ஆனா பீமும் அது வழியாத்தானே போகணும், பீம் சிதறி, அது டார்கெட்ல விழுற ஸ்பாட் பெருசாகும், படம் மங்கும், ஃபாயிலே ஓட்டையாச்சுன்னா மாத்திக்கிட்டே இருக்கணும். காந்தம் வச்சா சார்ஜ் உள்ளது மட்டும்தான் வளையும், உருகின துளியும் நியூட்ரல் ஆவியும் நேரா வந்துக்கிட்டே இருக்கும். பீமையே வளைச்சு விட்டு சிதறலை சுவத்துல மோத வைக்கலாம், ஆனா பீம்ல எனர்ஜி கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் ஸ்பாட் இழுபட்டுடும்.

என் ஓட்டு சுத்துற சக்கரத்துக்குத்தான். ஓரத்துல பீம் போக 1 சென்டிமீட்டர் ஓட்டை, 16 சென்டிமீட்டர் ஆரம், நிமிஷத்துக்கு 6000 சுத்துன்னா ஓரம் விநாடிக்கு 100 மீட்டர் ஓடும். டார்கெட் 1 மீட்டர் தள்ளி இருந்தா அந்த 5 கிலோமீட்டர் வேக ஆவி வந்து சேர 200 மைக்ரோசெகண்ட், அதுக்குள்ள ஓட்டை 2 சென்டிமீட்டர் நகர்ந்து வழி மூடியாச்சு. டார்ட்டோட ரெண்டாவது ஆக்ஸிஸ் மாதிரி 1.6 மைக்ரோசெகண்டுக்குள்ள 4 பல்ஸ் விட்டாலும் சக்கரம் 0.16 மில்லிமீட்டர்தான் நகரும், பீமுக்கு இடைஞ்சலே இல்ல. வெற்றிடத்துக்குள்ள பேரிங்கும், ஓட்டை நேரா வர்ற நொடியில ஷாட் அடிக்கிற டைமிங்கும்தான் கஷ்டம், ஆனா அது இன்ஜினியரிங்ல தீர்க்கக்கூடிய கஷ்டம். இன்னும் வேகமா வர்ற கொஞ்சத்துக்கு தூரத்தைக் கூட்டி, நடுவுல சின்ன ஓட்டை போட்ட தடுப்பு ரெண்டு மூணு வச்சிடணும்.

ஒண்ணு மட்டும் சக்கரத்தால முடியாது. டார்கெட் மேல ஒட்டியிருக்கிற தண்ணி, அழுக்குல இருந்து கிளம்புற அயனிகளை பீமே பல்ஸ் ஓடும்போதே தன் பக்கம் இழுத்து ஃபோகஸைக் கெடுக்கும். அதுக்கு டார்கெட்டை ஒட்டினாப்ல வைக்கிற ஃபாயில்தான் கைகொடுக்கும், அவ்வளவு பக்கத்துல வச்சா சிதறினாலும் ஸ்பாட் விரிய இடம் கிடைக்காது.