தொட்டி மண்ணில் உயிர்க்கரியும் கம்போஸ்ட்டும்: மூன்று வருட அனுபவம்

பயோசார் என்கிற உயிர்க்கரியை (மரம், செடிக் கழிவுகளைக் காற்று அதிகம் படாமல் சுட்டுச் செய்யும் கரி) தொட்டி மண்ணில் கலக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. ரோஜா, செம்பருத்தி, குரோட்டன்ஸ், இட்லிப்பூ என்று மொத்தம் 20 தொட்டிகள்.

முதல் முறை கரியை அப்படியே மண்ணில் போட்டேன். மூன்றே வாரத்தில் ரோஜாவின் அடி இலைகள் மஞ்சளாகின. நன்றாகத் தழைத்து நின்ற செடிகள், மனசே கேட்கவில்லை. காரணம் பின்னால்தான் புரிந்தது. கரி முழுக்க நுண்துளைகள். அவை காலியாக இருந்தால் மண்ணில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது.

அப்புறம் முறையை மாற்றினேன். கரியைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நன்கு மக்கிய கம்போஸ்ட் சேர்த்து, பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரத்தில் ஒரு மாதம் நிழலில் மூடிவைப்பேன். (உடைக்கும் முன் தண்ணீர் தெளித்துவிடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.) இந்தக் கலவை ஒரு பங்கு, மண் இரண்டு பங்கு. அப்படியென்றால் மொத்தத்தில் கரி பத்தில் ஒரு பங்கு போலத்தான் வரும். அதற்கு மேல் நான் போவதில்லை.

வெயில் காலத்தில் இரண்டு வேளை தண்ணீர் கேட்ட தொட்டிகளுக்கு இப்போது ஒரு வேளை போதும். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, மண் இறுகாமல் இருப்பது. வெறும் கம்போஸ்ட் போட்ட தொட்டிகளில் அது மக்கி மக்கி, மண் நான்கு விரல் இறங்கிவிட்டது. கரி கலந்தவற்றில் ஒரு விரல்தான். இரண்டாம் வருடம் ஒரு ரோஜாவைத் தொட்டி மாற்றும்போது பார்த்தேன், வெள்ளை வேர்கள் கரித்துண்டுகளைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருந்தன. அதைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இட்லிப்பூவுக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. கரி பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. அமில மண்ணை விரும்பும் செடியால் அதில் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. கரி இல்லாத மண்ணுக்கு மாற்றியதும் தேறிவிட்டது. அசேலியா, கார்டீனியா வைத்திருப்பவர்களும் கவனமாக இருங்கள்.

கரியை மறுபடி மறுபடி போட வேண்டியதில்லை. அமேசான் காட்டின் பழங்குடிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன் கரியும் கழிவும் சேர்த்து உருவாக்கிய கறுப்பு மண் இன்றும் வளமாக இருக்கிறது. நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு கைப்பிடி கம்போஸ்ட் மட்டும் மேலே போடுகிறேன்.

வீட்டு அடுப்புக்கரியைப் பயன்படுத்துவதாக இருந்தால் சாம்பலைச் சலித்து எடுத்துவிடுங்கள், அது காரத்தை இன்னும் கூட்டும். பெயின்ட் அடித்த மரத்தின் கரி வேண்டவே வேண்டாம்.