ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு பாக்ஸ் கட்டில்: பிஸ்டன் மாற்றிய வாரத்தில் எழுதுவது

கோயம்புத்தூரில் புதுக்குடித்தனம் போகவிருக்கும் என் தம்பி, "அக்கா, வீட்டில் பரண்கூட இல்லை, உங்கள் வீட்டில் இருப்பதுபோல் ஹைட்ராலிக் கட்டில் ஒன்று எடுத்துவிட்டால் சாமானெல்லாம் அதற்குள் போய்விடும் அல்லவா?" என்று போன வாரம் கேட்டான். மெத்தை கிடக்கும் மேல்பலகையே மூடியாக எழும்பித் திறக்கும் பெட்டிக் கட்டில் அது. அவன் கேட்பதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்த மூடியைத் தாங்கும் பிஸ்டன்களை இரண்டாம் முறையாக மாற்றியிருந்தோம். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இந்தக் கட்டில் எங்களுக்குச் செய்த நன்மையை மறைத்து எழுத எனக்கு மனமில்லை.

நங்கநல்லூரில் இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டுக்கு நாங்கள் குடிவந்த 2018ஆம் ஆண்டில் வாங்கியது இது. ஐந்துக்கு ஆறரை அடி, உள்ளே ஓரடி ஆழம், அதாவது ஏறத்தாழ முப்பது கன அடி இடம். ஒரு சிறிய பீரோவுக்கு ஈடான கொள்ளளவு, அதற்கென்று தனியாக ஒரு சாண் தரையும் கேட்காமல் கிடைக்கிறது. வந்த ஒரே மாதத்தில் கூடத்தின் மூலையில் அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகள் எல்லாம் மறைந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் அறை பெரிதாகத் தெரிகிறது என்றார்கள்.

நான் சற்றும் எதிர்பாராமல் கிடைத்த நன்மை கொலு பொம்மைகள் விஷயத்தில்தான். என் மாமியாரிடம் அறுபதுக்கு மேற்பட்ட மண் பொம்மைகள் இருக்கின்றன. முன்பிருந்த வாடகை வீட்டில் அவை பரணில் இருந்தன. ஒவ்வொரு நவராத்திரிக்கும் என் கணவர் ஏணியில் நின்று பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித்தர, கீழே நான் கையை நீட்டிக்கொண்டு நிற்க, அத்தை கண்ணை மூடிக்கொண்டு சுலோகம் சொல்லிக்கொண்டிருப்பார். அப்படி இறக்கும்போதுதான் ஓர் ஆண்டு தசாவதாரத்தில் வாமனரின் குடை உடைந்துபோனது. இப்போது அந்தப் பயம் இல்லை. கட்டிலின் மூடியைத் தூக்கிவிட்டால், அருகில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எழுபத்து நான்கு வயதில் அத்தை தாமே ஒவ்வொரு பொம்மையாக எடுக்கிறார். பழைய வேட்டித் துணியைப் பிரித்து, மூக்கோரத்தில் ஒட்டியிருக்கும் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, மரப்பாச்சி ஜோடிக்குப் புதுத்துணி கட்டி, எந்தப் பொம்மை யார் வீட்டுச் சீராக வந்தது என்று என் மகளுக்குச் சொல்லிக்கொண்டே படிக்கு அனுப்புகிறார். ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து ஒருமுறை வைக்கும் பொருளுக்கு இதைவிடப் பாதுகாப்பான இடம் எங்கள் வீட்டில் இல்லை.

இனிக் குறைக்கு வருகிறேன். மூடியைத் தூக்கி நிறுத்துவது இரண்டு பக்கமும் இருக்கும் பிஸ்டன்கள். உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் வாயுவை அடைத்து மூடிய உருளைகள் அவை. காரின் பின்கதவைத் தாங்கி நிற்பதும் இதே வகைதான். வாயு கசிந்தால் மறுபடி நிரப்பிக்கொள்ள முடியாது, புதிதாகத்தான் மாற்ற வேண்டும். ஒவ்வொன்றின் மேலும் அதன் தள்ளுவிசை நியூட்டன் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். நூறு நியூட்டன் என்றால் ஏறத்தாழ பத்துக் கிலோ எடையைத் தாங்கும் விசை. எங்கள் கட்டிலோடு வந்தவை 800 நியூட்டன். அப்போது மேலே இருந்த இலேசான ஃபோம் மெத்தைக்கு அது சரியாகவே இருந்தது. 2021இல் கணவரின் முதுகுவலிக்காக ஆறு அங்குல ரப்பர் காயர் மெத்தைக்கு மாறினோம்; தேங்காய் நாரில் செய்தது, எடை அதிகம். மூன்றே மாதத்தில் மூடி நிற்க மறுத்தது. மேலே போய் ஒரு நொடி நின்றுவிட்டு, மூச்சு வாங்குவதுபோல் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கும்.

கேஸ் போய்விட்டது என்று சொல்லி, வந்த மெக்கானிக் அதே 800 நியூட்டன் பிஸ்டன்களையே மறுபடி மாட்டிவிட்டுப் போனார். அதன்பின் நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு முறையும் ஒருவர் மூடியைப் பிடித்துக்கொள்ள மற்றவர் உள்ளே கைவிட்டுப் பொருளை எடுத்தோம். தனியாக இருக்கும் பகல் வேளையில் ஒரு போர்வை எடுக்க வேண்டுமென்றால்கூட நான் அதைத் திறந்ததில்லை. சென்ற நவராத்திரியில், கணவர் பிடித்துக்கொண்டிருந்த மூடி கை நழுவி அத்தையின் தோளில் இறங்கியது; கையில் இருந்த கிருஷ்ணனை அவர் மார்போடு அணைத்துக்கொண்டதால் பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை, தோள்தான் ஒரு வாரம் கன்றியிருந்தது. அன்று ஆசாரியிடம் சொல்லி இரண்டரை அடியில் ஒரு முட்டுக்கட்டை செய்து வாங்கினோம்.

இந்த முறை வந்தவர் உருளையின் மேல் இருந்த எண்ணைப் படித்துவிட்டு, மெத்தையின் ஓரத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "இந்தக் கனத்துக்கு 1200 வேண்டுமம்மா" என்றார். கூலியோடு 2,600 ரூபாய், அரை மணி நேர வேலை. நான்கு ஆண்டுத் தொல்லைக்கு விடை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. கட்டில் விற்றவர் சொல்லவில்லை, மெத்தை விற்றவர் சொல்லவில்லை, முதல் மெக்கானிக் எண்ணைப் பார்த்தும் யோசிக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும்: விசை அதிகமானால் மெத்தையை வெயிலில் போட எடுத்த அன்று மூடி தாழாமல் எழும்பி நிற்கும். எங்களுக்கு இப்போது அப்படித்தான் நிற்கிறது. ஆனால் அதனால் யாருடைய தோளிலும் எதுவும் விழாது.

பலகையைப் பற்றிச் சுருக்கமாக. எங்களுடையது இன்ஜினியர்டு வுட் என்று சொல்லி விற்கப்பட்ட பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. கால் இல்லாமல் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பதால், தினமும் வீடு துடைக்கும் ஈரத்திலேயே கீழ் விளிம்பு ஊதி, மைக்கா பிரிந்துவிட்டது. மழைநீர் ஏறக்கூடிய தரைத்தள வீட்டுக்கு இது அறவே ஆகாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்தபோது, அவர்களுடைய பாக்ஸ் கட்டில் இரண்டே நாளில் ஊறிப் பிளந்தது. பக்கத்து அறையில் இருந்த தேக்குக் கட்டிலைத் துடைத்துவிட்டு மறுபடி படுத்தார்கள். செய்து வாங்குவதானால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டில், நான்கு அங்குலக் கால் வைத்துச் செய்யச் சொல்வது நல்லது.

உள்ளே எதை வைக்கலாம் என்பதிலும் நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பட்டுப்புடவைகளை வைக்கக் கூடாது. மாதக்கணக்கில் மடிப்பு மாற்றாமல் கிடந்தால் மடித்த இடத்திலேயே நைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றோட்டமில்லாமல் பூஞ்சை வாடை வரும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து நான்கு மூலையிலும் போட்டு, வெயில் அடிக்கும் நாளில் அரைப்பொழுது திறந்து வைக்கிறோம். பத்திரங்களையும் பில்களையும் வைக்க வேண்டாம். அவசரத்துக்கு வேண்டிய தாள் ஒன்றுக்காக மெத்தையோடு மல்லுக்கட்ட நேரும்.

ஆனால் பிஸ்டனைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு, அதைக் குறை என்று நான் உணர ஐந்து ஆண்டுகள் ஆயின. 2023 போகிக்கு முதல் நாள் கட்டிலை முழுதாகக் காலி செய்தோம். ஓடாத மிக்ஸி ஒன்று, குக்கர் வந்த வெற்று அட்டைப்பெட்டிகள் மூன்று, பழைய வாடகை வீட்டு ஜன்னல் அளவுக்குத் தைத்த திரைச்சீலைகள், திருமணத்துக்கு வந்து பிரிக்கப்படாத கண்ணாடித் தட்டுச் செட்டுகள், ஒன்று இருப்பதே மறந்து இரண்டாவதாக வாங்கிய இரட்டைக் கம்பளி. வீடு ஒழுங்காக இருக்கிறது என்று நான் நம்பிய அத்தனை ஆண்டுகளும் எதையும் கழிக்கவில்லை, ஒதுக்கி மட்டுமே வைத்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் இருந்திருந்தால் அந்த மிக்ஸி ஒரு மாதத்தில் பழைய சாமான்காரரிடம் போயிருக்கும். அன்றிலிருந்து மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டி, உள்ளே போகும் ஒவ்வொரு பொருளையும் தேதியோடு எழுதுகிறோம். இரண்டு பொங்கல் கடந்தும் எடுக்கப்படாததை விருந்தினர் படுக்கை தவிர வெளியே அனுப்பிவிடுகிறோம்.

ஆகவே தம்பிக்கு என் பதில், வாங்காதே என்பதுதான். உன் வீட்டில் கொலு இல்லை, ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பொருளும் அதிகமில்லை. உயரமான கால் வைத்த சாதாரணக் கட்டிலை எடுத்து, அடியில் சக்கரம் வைத்த தகரப்பெட்டிகள் நான்கு போட்டுக்கொள். இழுத்தால் வரும், பெருக்கலாம், உள்ளே இருப்பது நினைவில் இருக்கும். இல்லை, எடுத்தே தீருவேன் என்றால், எந்த மெத்தை என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் எடையைச் சொல்லிப் பிஸ்டன் எண்ணைக் கேட்டு வாங்கு. எங்கள் கட்டிலை நாங்கள் விற்கப்போவதில்லை. அத்தை இருக்கும்வரை பொம்மைகள் அங்கேதான் இருக்கும். புதுப் பிஸ்டன்கள் மூடியை அசையாமல் பிடித்து நிற்கின்றன. இருந்தாலும் இந்த நவராத்திரிக்கு அத்தை முக்காலியில் உட்கார்வதற்கு முன் முட்டுக்கட்டையையும் கொடுத்துவிடுவதாகத்தான் இருக்கிறேன்.