கீபாஸ் ஆட்டோ டைப்: இரண்டு வினாடி படுத்தும் பாடு

வருமான வரித் தளத்தில் லாகின் இரண்டு பக்கமாக வரும். முதல் பக்கத்தில் பான் எண்ணைக் கொடுத்து என்டர் தட்டினால்தான் பாஸ்வேர்ட் கேட்கும் பக்கம் திறக்கும். பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கிற கீபாஸ் மென்பொருள், தானாக அடித்துக் கொடுக்கிற ஆட்டோ டைப் வசதியில் வழக்கமாக யூசர்நேம், டேப், பாஸ்வேர்ட், என்டர் என்று ஒரே மூச்சில் அடித்துவிடும். இங்கே அது வேலைக்கு ஆகாது. வரிசையை நாமே எழுத வேண்டும்: யூசர்நேம், என்டர், 2000 மில்லி செகண்ட் நிறுத்தம், வழியில் வருகிற டிக் பெட்டிக்கு டேப்பும் ஸ்பேஸும், அப்புறம் பாஸ்வேர்ட். பல வருடமாக இதோடுதான் என் பிழைப்பு. நல்லதையும் சொல்கிறேன், கோபத்தையும் சொல்கிறேன்.

எங்கள் ஆபீஸ் சேலம் செவ்வாய்ப்பேட்டையில். கொலுசுப் பட்டறை, சேகோ மில், ஏற்காட்டில் சில காபி எஸ்டேட் என்று பலருடைய வரிக் கணக்கைப் பார்க்கிறோம். தளம் ஒன்றுதான், யூசர் ஐடி ஆளுக்கொன்று. இத்தனையையும் பிரவுசரில் சேமித்தால் யாருடைய பாஸ்வேர்ட் எங்கே உட்கார்ந்தது என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

கீபாஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது குரூப் வசதி. ‘வருமான வரி’ என்று ஒரு குரூப் போட்டு, அதன் ஆட்டோ டைப் பகுதியில் மேலே சொன்ன வரிசையை ஒரே ஒரு முறை எழுதினேன். உள்ளே இருக்கிற அத்தனை என்ட்ரியும் அதையே எடுத்துக்கொண்டன. புது வாடிக்கையாளர் வந்தால் பழைய என்ட்ரி ஒன்றை நகலெடுத்து பெயர், பான், பாஸ்வேர்ட் மூன்றையும் மாற்றினால் போதும். எந்தப் பக்கத்துக்கான என்ட்ரி என்று கீபாஸ் அடையாளம் காண்கிற விண்டோ தலைப்பு கூடவே வந்துவிடும். தளம் திறந்திருக்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பொருந்துகிற பெயர்கள் பட்டியலாக வரும். பட்டறைக்காரர் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் எழுத்துகள் தாமாக ஓடும். இன்றைக்கும் அதைப் பார்த்தால் மனசு நிறைகிறது. 2003-லிருந்து இலவசமாகவே கிடைக்கிற மென்பொருளில் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

ஜிஎஸ்டிக்குத் தனி குரூப். அங்கே யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஒரே பக்கம், ஆனால் கேப்ச்சா உண்டு. அதைக் கண்ணால் பார்த்துத்தான் அடிக்க வேண்டும் என்பதால் கடைசி என்டரை எடுத்துவிட்டேன். ஒரு குறையும் இல்லை.

20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு எஸ்டேட் ஆபீசுக்குப் போகும்போது பாஸ்வேர்ட் பெட்டகம் முழுக்க லேப்டாப்பிலேயே ஒரு ஃபைலாக இருப்பது பெரிய உதவி. டவர் கிடைக்காத இடத்திலும் திறக்கும். உள்ளே எழுதி வைத்திருக்கிற குறிப்புகளைப் பார்த்து, பாதி வேலையை நெட் வருவதற்குள் முடித்துவிடலாம்.

இனி அந்த 2000-க்கு வருகிறேன். அது மணி பார்க்கிற நிறுத்தம், பக்கத்தைப் பார்க்கிற நிறுத்தம் இல்லை. இரண்டு வினாடி ஆனதும் பாஸ்வேர்டை அடிக்க ஆரம்பித்துவிடும். எதிரே இரண்டாவது பக்கம் வந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. நெட் நன்றாக ஓடுகிற காலையில் பிரச்சினை இல்லை. கெடு நாள் சாயங்காலம் நெட் இழுக்கும்போது முதல் பக்கம் அப்படியே நிற்கும், பாஸ்வேர்ட் போய் யூசர் ஐடி பெட்டியில் விழும். அந்தப் பெட்டியில் புள்ளிகள் கிடையாது, எழுத்து எழுத்தாகத் தெரியும். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு வாடிக்கையாளர், பின்னால் காத்திருக்கிற இன்னொருவர். முதலாமவருடைய பாஸ்வேர்ட் இருவர் கண்முன்னே பளிச்சென்று நிற்கிறது. நம்பிக் கொடுத்த மனிதரிடம் அதற்கு என்ன சமாதானம் சொல்வது? உடனே பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்தோம். ஆனால் எரிச்சல் போகவில்லை.

நிறுத்தத்தை 5000 ஆக்கலாம். அப்படி வைத்தால் நெட் நன்றாக இருக்கும் நாளிலும் ஒவ்வொரு லாகினுக்கும் ஐந்து வினாடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். பாஸ்வேர்டை மட்டும் அடிக்கிற தனி ஷார்ட்கட் இருக்கிறது, பக்கம் வந்தபிறகு அதை அழுத்தலாம். பத்திரமான வழிதான். ஆனால் தானாக நிரப்பும் என்று நம்பித்தானே இதை வைத்தோம்? நடுவில் வேறு விண்டோ எட்டிப் பார்த்தால் அடிப்பதை நிறுத்தச் சொல்கிற ஆப்ஷனும் உண்டு. அதைக் கட்டாயம் டிக் செய்யுங்கள், தானாக ஆன் ஆகியிருக்காது. பக்கத்திலேயே, தலைப்பு மாறினால் நிறுத்து என்று இன்னொன்று இருக்கும். இரண்டு பக்க லாகினில் அதைத் தொட்டால் பாதியில் நின்றுவிடக்கூடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆட்டோ டைப் விண்டோ தலைப்பை வைத்துத்தான் பொருத்துகிறது, இணைய முகவரியை அல்ல. பிட்வார்டன் மாதிரி பிரவுசரோடு சேர்ந்து ஓடும் எக்ஸ்டென்ஷனாக வருகிற பாஸ்வேர்ட் மென்பொருள்கள் டொமைனை, அதாவது தளத்தின் முகவரியைப் பார்த்தே நிரப்பும். அதே தலைப்போடு ஒரு போலித் தளம் வந்தால் எக்ஸ்டென்ஷன் வாய் திறக்காது, ஆட்டோ டைப் அடித்துவிடும்.

ஆத்தூரில் இதே தொழிலில் இருக்கிற ஒரு தம்பி, “அண்ணா, நானும் இதையே போடட்டுமா?” என்று கேட்டார். 20-ஆம் தேதி ஜிஎஸ்டி மாதக் கணக்கான 3பி தாக்கல் முடிந்த மறுநாள் கேட்டதால் என் பதில் காட்டமாகவே வந்தது. வேண்டாம் தம்பி. உங்கள் ஆபீசில் கம்ப்யூட்டரில் உட்காருகிற பையன்கள் அடிக்கடி மாறுகிறார்கள், முகவரியைக் கவனிக்கிற பழக்கம் எல்லோருக்கும் இருக்காது. எக்ஸ்டென்ஷன் வகையில் ஒன்றைப் போடுங்கள். நான் மாறப்போவதில்லை. அந்த குரூப் வசதியை விட்டுவிட்டு என்னால் வேலை பார்க்க முடியாது.

இதையே போடுவேன் என்று நின்றால், எந்த குரூப்பாக இருந்தாலும் வரிசையின் கடைசி என்டரை முதலில் எடுத்துவிடுங்கள். நிரம்பியது சரியா என்று பார்த்து, என்டரை நீங்களே தட்டுங்கள். தப்பான பாஸ்வேர்ட் நாலைந்து தடவை போய் கணக்கு பூட்டிக்கொண்டால், கெடு நாளில் அதைத் திறக்க ஓடுவது நீங்கள்தான்.