சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு 15 மணி நேரமா?

அம்மாவை டொராண்டோவுக்கு அழைத்து வருவதற்காகக் கோடையில் ஊருக்குப் போயிருந்தேன். மற்ற காரியங்கள் தடையின்றி முடிந்தன. சென்னையில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் நடந்ததை மட்டும் எழுதியே ஆக வேண்டும்.

அம்மா காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஊசி வேளைகளை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டியிருந்ததால், மொத்தப் பயணம் எத்தனை மணி நேரம் என்று அங்கிருந்த இளைஞரிடம் கேட்டேன். இரு நகரங்களின் பெயர்களையும் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "13,400 கிலோமீட்டர், 15 மணி நேரம் சார்" என்றார். அது ரஷ்யாவின் மேலாக ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்து செல்லும் மிகக் குறுகிய வழியின் தூரம். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 15 வரும். அந்த வழியில் சென்னையிலிருந்து நேரடி விமானமே கிடையாது. கனடா விமானங்களுக்கோ 2022 முதல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டிருக்கிறது.

நான் தயங்கியதைக் கண்டு பயணச்சீட்டையே எடுத்துக் காட்டினார். அதிகாலை 2 மணிக்குப் புறப்பாடு, அதே தேதியில் மாலை 4 மணிக்கு வந்துசேர்தல்; கழித்தால் 14 மணி நேரம், ஆகவே தம் கணக்கு சரியே என்றார். இரண்டும் அந்தந்த ஊர் நேரம் என்பதும், கோடையில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருக்கும் என்பதும் அவருக்குத் தோன்றவேயில்லை. தவறான இரண்டு கணக்குகளும் ஏறக்குறைய ஒரே விடையைத் தந்ததுதான் எனக்குப் பெரும் அச்சத்தை உண்டாக்கியது, ஏனென்றால் அந்த விடையை நம்பியிருந்தால் ஒரு வேளை ஊசியே தவறியிருக்கும். டொராண்டோவில் சீட்டு வாங்கினால் மொத்த நேரம் அதிலேயே அச்சாகியிருக்கும். இங்கே அதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்று மனம் வெதும்பியது.

அப்போது உள்ளறையிலிருந்து வந்த முதலாளி, பழைய வழக்கப்படி ஒரு தாளை எடுத்துக் கையாலேயே எழுதத் தொடங்கினார். பிராங்க்பர்ட் வரை 10 மணி நேரம், அங்கே காத்திருப்பு 5, அங்கிருந்து டொராண்டோவுக்கு எட்டரை. ஆக இருபத்து மூன்றரை. பிராங்க்பர்ட் வழியாகப் போவதால் தூரம் ஏறத்தாழ 550 கிலோமீட்டர்தான் கூடுகிறது என்றும், மேற்கே போகும்போது எதிர்க்காற்று நேரத்தை இழுக்கும் என்றும், விமான நிலையத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகவே போய்விட வேண்டும் என்றும் விளக்கினார். எதிரில் உட்கார்ந்து இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தருபவரை டொராண்டோவில் நான் கண்டதில்லை.

மருத்துவர் அந்தத் தாளை வைத்தே ஊசி வேளைகளை வகுத்துத் தந்தார். டிசம்பரில் அம்மா திரும்பும்போது நேர வித்தியாசம் பத்தரை மணியாகிவிடும், கிழக்கே வரும்போது காற்றும் துணைநிற்கும் என்பதால், அதற்கும் தனியாக ஒரு தாள் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.