கோவையில் ஒரு குடிநோய் சிகிச்சை மையம்: குடும்ப வகுப்புக்கு நான்கு நட்சத்திரம்

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் நான். ஆகவே, இந்த மையத்தின் சனிக்கிழமை வகுப்புக்கு மதிப்பெண் போட எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

என் கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். காலையில் வெர்னியர் அளவுகோலைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கும்; ஒரு குவார்ட்டர் உள்ளே போனால்தான் நிற்கும். முன்பு சேர்த்திருந்த வேறோர் இடத்தில், தினமும் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று தன்னைத்தானே திட்டிக்கொள்ள வைத்தார்கள். வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூலன்ட் கேனுக்குப் பின்னால் பாட்டிலை ஒளித்து வைக்கத் தொடங்கினார். அங்கே கட்டிய பணத்துக்கு அதுதான் பலன்.

இங்கே ஆலோசகர் முதலில் எடுத்ததே அந்த நடுக்கத்தைத்தான். மூளையைச் சாந்தப்படுத்தும் காபா என்னும் வேதிப்பொருளுக்கு மது துணைபோகிறது. கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளை அடக்குகிறது. வருடக்கணக்கில் குடிக்கும்போது மூளை அதை ஈடுகட்டத் தன் கிளர்ச்சியைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று மது நின்றால் அந்தக் கிளர்ச்சியை அடக்க ஆளில்லை: நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு. நாட்பட்டுக் குடித்தவர் மருத்துவர் துணையின்றி ஒரேயடியாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். இதைக் கேட்டபோது, மேஜைக்கடியில் மறைத்திருந்த கையை என் கணவர் எடுத்து மேலே வைத்தார். "கோழைத்தனம் என்றல்லவா நினைத்திருந்தேன்" என்றார்.

அடுத்தது டோபமைன், மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள். கையேட்டில் அதை 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று அச்சடித்திருக்கிறார்கள். என் மாணவர் எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பேன். அது வேட்கையோடு சேர்ந்தது, ருசிப்பது வேறு. நல்லவேளை, கரும்பலகையில் சரியாகவே விளக்கினார்கள். நரம்பியல் அறிஞர் வோல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய ஆய்வில், முதலில் பழச்சாறு கிடைக்கும்போது துடித்த டோபமைன் செல்கள், பழகிய பிறகு, சாறு வரப்போகிறது என்னும் அறிகுறிக்கே துடித்தன. டாஸ்மாக் திருப்பத்திலேயே வாய் ஊறுவதும், குடிக்கும்போது ருசியே இல்லாததும் எப்படி என்று இவருக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"மூளைதான் காரணம் என்றால் நான் என்ன செய்யட்டும்?" என்று ஒருவர் கேட்டார். "வாய் ஊறுவதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டாம். எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போகிறீர்கள் என்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்" என்றார் ஆலோசகர். நான்கு நட்சத்திரமும் இந்தப் பதிலுக்கே. என் கணவர் இப்போது டாஸ்மாக் திருப்பத்தை விட்டு, ரயில்வே கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறார்.

'குடும்ப மானம் போயிற்று' என்று புலம்பிக்கொண்டிருந்த என் மாமியாரும் வந்திருந்தார். குடியின் கிளுகிளுப்பைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் மாத்திரை பற்றிச் சொன்னதும், "என் சர்க்கரை மாத்திரை மாதிரி இதையும் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்துவிடலாமே" என்றார். இப்போது இரண்டு டப்பாக்களும் அங்கேதான் இருக்கின்றன.

குறைகளும் உண்டு. படங்களில் பெயர்களெல்லாம் ஆங்கிலத்தில். மாமியார் பாதியை என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். குடிக்கும் பெண்களுக்குத் தனி அமர்வு இல்லை. ஆண்கள் நிறைந்த அந்தக் கூடத்தில் எந்தப் பெண் எழுந்து கேள்வி கேட்பாள்? ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது அதற்காகத்தான். வகுப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை; முன்பதிவு மட்டும் செய்துகொள்ள வேண்டும்.